வாலைப் பார்த்துக் காயைச் சொல்வது: குறுக்கெழுத்தில் பழங்களும் கொடிக்காய்களும்

ஐந்து கட்டம். கடைசி இரண்டில் 'கா', 'ய்' விழுந்தாகிவிட்டது. குறிப்பு 'கொடியில் காய்ப்பது' என்கிறது. புதிதாகக் குறுக்கெழுத்து போட ஆரம்பித்தவர் பென்சிலைக் கடிக்கத் தொடங்கும் இடம் இதுதான். சுரைக்காய் பொருந்துகிறது, கோவைக்காய் பொருந்துகிறது, பாகற்காயும் பொருந்துகிறது. குறிப்பைப் பத்துத் தடவை படித்தாலும் அது இதற்கு மேல் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நடுக்கட்டம் சொல்லும். மேலிருந்து கீழாக வரும் வேறொரு சொல் அந்த மூன்றாம் கட்டத்தில் 'ற்' என்று போட்டுக் கொடுத்தால் பாகற்காய், வேறு பேச்சே இல்லை. 'க்' விழுந்தால் பாகல் போயிற்று. சுரையும் கோவையும் மிச்சம். காய், பழம் பற்றிய குறிப்பு எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்: 'காய்' அல்லது 'பழம்' என்ற வாலுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை எழுத்து. அது பிடிபட்டால் பாதி விடை கைக்கு வந்த மாதிரி. எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், கட்டம் எண்ணும் கணக்கைச் சரிசெய்துகொள்வோம்.

ஒரு கட்டம், ஓர் எழுத்து

குறுக்கெழுத்து பிறந்தது ஆங்கிலத்தில். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு புதிர் போட்டார், அதிலிருந்துதான் எல்லாம். அந்த மொழிக்கு 26 எழுத்து. நமக்கு 247. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எதுவானாலும் ஒரு கட்டத்துக்கு ஒன்று. ஆங்கிலத்தில் ஐந்து கட்டம் கேட்கும் ஆப்பிள், தமிழில் நாலில் அடங்கிவிடும்: ஆ, ப், பி, ள்.

புதியவர்கள் சறுக்குவது புள்ளி எழுத்தில். வாயால் சொல்லிப் பார்த்து எண்ணினால் அது நழுவிவிடும். பூசணி என்றால் பூ, ச, ணி; சொன்னாலும் மூன்று, எழுதினாலும் மூன்று. பீர்க்கங்காய் வாயில் 'பீர்க்-கங்-காய்' என்று மூன்று துண்டாக ஓடிவிடும். எழுதினால் ஏழு: பீ, ர், க், க, ங், கா, ய். ஆகவே விரல் விட்டு எண்ணாமல் ஓரத்தில் எழுதி எண்ணுங்கள். மா ஒன்று, பலா இரண்டு, வாழை இரண்டு, கொய்யா மூன்று, பப்பாளி நாலு, எலுமிச்சை ஐந்து, கொடுக்காப்புளி ஏழு.

'மா' ஒரே எழுத்து என்பதால் தனியாக விடையாக வராது. அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவார்கள். அந்தக் கதை பின்னால்.

வாலுக்கு முன் வரும் எழுத்து

மா என்பதோடு காய் சேர்ந்தால் மாங்காய், பழம் சேர்ந்தால் மாம்பழம். வாழையோடு காய் சேர்ந்தால் வாழைக்காய், பழம் சேர்ந்தால் வாழைப்பழம். ஒன்றில் மூக்கொலி வருகிறது, இன்னொன்றில் வல்லினம் இரட்டிக்கிறது. மரப்பெயர்கள் சிலவற்றுக்குப் பின்னால் இனமான மெல்லெழுத்து வரும் என்று நன்னூலே சொல்லியிருக்கிறது. 'க'வுக்கு இனம் 'ங்', 'ப'வுக்கு இனம் 'ம்'. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி என்றாலே ஓடியவர்களுக்கு (நானும் ஓடியவன்தான்) குறுக்கெழுத்தில் அது கூலி கொடுக்கும்.

கொடிக்காய்களை எடுத்துக்கொள்வோம். சுரை, கோவை, பூசணி, பரங்கி, வெள்ளரி எல்லாம் 'க்' கூட்டம். புடலும் பீர்க்கும் 'ங்' கூட்டம்: புடலங்காய், பீர்க்கங்காய். பாகல் மட்டும் தனிக்கட்சி. 'ல்' திரிந்து 'ற்' ஆகிவிடுகிறது. பழங்களில் இதே போல் 'ற்' காட்டுவது நாவற்பழம்.

இப்போது ஏழு கட்டம் ஒன்று, 'காய்' என்று முடிகிறது என்று வையுங்கள். பரங்கிக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய் மூன்றுக்கும் ஏழுதான். ஐந்தாம் கட்டத்தில் 'ங்' கிடைத்தால் பீர்க்கங்காய். 'க்' கிடைத்தால் மற்ற இரண்டில் ஒன்று. நாலு கட்டம், இரண்டாவது 'ங்' என்றால் மாங்காயா தேங்காயா என்பது முதல் எழுத்தில்தான் தெரியும். அதைத் தரும் சொல் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

வசமாக மாட்டிவிடும் கட்டம் ஒன்று சொல்கிறேன். ஆறு கட்டம், முதல் எழுத்து 'பு', கடைசி மூன்று 'ங்', 'கா', 'ய்'. கை தானாகப் புடலங்காய் என்று எழுதப் போகும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன், அதுவும் பேனாவால். இரண்டாம் கட்டத்தில் 'ளி' வந்து நின்றது. சரி, புளியங்காய் என்று அடித்துத் திருத்தினேன். மூன்றாம் கட்டத்தில் 'மா' வந்தது. அப்புறம்தான் குறிப்பை ஒழுங்காகப் படித்தேன்: 'நிரை நேர் நேர்'. விடை புளிமாங்காய். தின்கிற காயே இல்லை, யாப்பிலக்கண வாய்பாடு! மூவசைச் சீர்களுக்குத் தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய் என்று காய்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். குறிப்பில் 'நேர்', 'நிரை', 'சீர்' ஏதாவது கண்ணில் பட்டால் தோட்டத்தை விட்டு இலக்கணத்துக்குப் போய்விட வேண்டும்.

'ங்' இருக்கும் கட்டத்தின் இன்னொரு குணம்: அதற்கு அடுத்து வருவது அநேகமாக 'க' வரிசைதான். அந்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, முடியாது. 'ற்' அப்படியே. ஆகையால் பாகற்காயின் நடுக்கட்டத்தைக் குறுக்கே கடக்கும் சொல், காற்று, கற்பனை, நாற்பது மாதிரி நடுவில் 'ற்' உள்ளதாகத்தான் இருக்கும். குறுக்கே போகிற சொல் இப்படி உங்கள் காயைச் சொல்லும், உங்கள் காய் அதைச் சொல்லும்.

வால் 'கனி' என்றும் வரலாம், அதை மறந்துவிடக் கூடாது. நெல்லிக்காய் எத்தனை கட்டம்? நெ, ல், லி, க், கா, ய்: ஆறு. நெல்லிக்கனி? நெ, ல், லி, க், க, னி: அதுவும் ஆறு. முதல் நாலு கட்டமும் அச்சு அசல் ஒன்றே. 'அதியமான் ஔவைக்குக் கொடுத்தது' என்று குறிப்பு இருந்தால் கனி. 'மூட்டை அவிழ்ந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடும்' என்றால் காய். குறிப்பு மழுப்பலாக இருந்தால் நெல்லி வரை எழுதிவிட்டுக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

குறிப்பு எப்படிப் பேசுகிறது

நேரடியான குறிப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 'முக்கனிகளில் ஒன்று (2)' என்றால் பலா அல்லது வாழை. 'கசப்பான காய் (5)' என்றால் பாகற்காய். 'பாம்பு போல் தொங்கும்' என்றால் புடலங்காய்.

பழமொழி வழியாக வருவது அடுத்த வகை. பழமொழியிலிருந்து காயை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குறிப்பாகத் தருவார்கள். 'ஏட்டில் இருந்தால் கறிக்கு உதவாது (5)' என்றால் சுரைக்காய். 'சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள் (6)' என்றால் பூசணிக்காய். 'காக்கை உட்கார்ந்ததும் விழுந்தது (6)' என்றால் பனம்பழம். 'நரிக்குப் புளித்தது (4)' என்றால் திராட்சை. கேட்டவுடன் பழமொழி நினைவுக்கு வந்துவிட்டால் இதைவிடச் சுலபமான குறிப்பு கிடையாது. வராவிட்டால் எத்தனை யோசித்தாலும் வராது.

எனக்குப் பிடித்தது இரட்டைப் பொருள். தமிழில் காய்கனிப் பெயர்கள் இதற்கென்றே பிறந்தவை போல இருக்கும். நாவல் படிக்கவும் செய்யலாம், தின்னவும் செய்யலாம். பரங்கி காயும்தான், ஐரோப்பியரைக் குறித்த பழைய சொல்லும்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த காய்க்கு அந்தப் பெயர் பொருத்தமும்கூட. கோவை ஒரு கொடி, ஓர் ஊரின் சுருக்கப் பெயர், ஒரு சிற்றிலக்கிய வகை. இரண்டே எழுத்துக்குள் இத்தனை இருப்பதால் புதிர் போடுகிறவர்கள் அதை விடுவதே இல்லை. 'அகப்பொருள் பாடும் கொடி (2)' என்று குறிப்பு இருந்தால் குழம்ப வேண்டாம், கோவைதான். அதன் பழைய வடிவமான கொவ்வை மூன்று கட்டம் என்பதையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். 'பாட்டில் உதட்டுக்கு உவமையாகும் பழம்' என்று அது வரும்.

காய், பழம் என்ற சொற்களே இப்படித்தான். 'சண்டை தீர்ந்தால் பிள்ளைகள் விடுவது (3)' என்றால் பழம். 'சதுரங்கத்தில் நகரும் (2)' என்றால் காய். 'இருக்கும்போது காயைக் கவர்வார்களா? (2)' என்றால் கனி. இன்னாத சொல்வது பற்றிய நூறாவது குறளிலிருந்து எடுத்தது.

அடுத்தது சொல்லை உடைப்பது. இங்கே குறிப்பு இரண்டு பாதியாக இருக்கும்: ஒரு பாதி பொருளைச் சொல்லும், மறு பாதி எழுத்துகளைச் சொல்லும். 'பாட்டை அடுத்துக் கல் விழுந்தால் கசக்கும் (3)'. பாட்டு என்றால் பா. அதை அடுத்துக் கல். பா, க, ல்: பாகல். கசக்கும் என்பது பொருள் பாதி. இதை ஒரே வாக்கியமாகப் படித்துக் காட்சியாகக் கற்பனை செய்தால் தோற்றீர்கள். எந்த இடத்தில் வாக்கியம் இரண்டாக ஒடிகிறது என்று தேட வேண்டும்.

முன்னே விட்டுவைத்த 'மா' இப்போது வருகிறது. மாமரம், குதிரை, விலங்கு, பெரிய, அரிசி அரைத்தால் கிடைப்பது, திருமகள், போதாததற்கு இருபதில் ஒரு பங்கு: இத்தனை பொருளும் அந்த ஓர் எழுத்துக்கு உண்டு. 'குதிரைக்குப் பின்னால் ஓட்டை, உள்ளே எல்லாம் முத்து (3)' என்ற குறிப்பைப் பாருங்கள். குதிரை மா, ஓட்டை துளை. மாதுளை. குறிப்பில் குதிரையோ மாவோ லட்சுமியோ வந்தால் என் பென்சில் உடனே 'மா' என்று ஓரத்தில் எழுதிவிடும்.

இதே வகையில் கொய்யா ஒரு தங்கச் சுரங்கம். கொய்தல் என்றால் பறித்தல். கொய்யா என்றால் பறிக்காத. ஆகவே 'பறிக்காத பழம் (3)'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இவ்வளவு சுவையாக வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. பேரிக்காயை 'பேர் இக்காய், ஆனால் பழம்' என்று உடைக்கலாம். வால் 'காய்' என்று இருப்பதால் குறிப்பில் 'பழம்' என்ற சொல்லைப் பார்த்தவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள். போடுகிறவருக்கு வேண்டியதும் அதுதான்.

திரும்பி நிற்பதும் கலைந்து கிடப்பதும்

தமிழ் இதழ்களின் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் இரண்டோடு நிற்காமல், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் இருக்கும். இது வெறும் சேட்டை என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு புதிரை நானே போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ழ, ள, ண, ற, ன போன்றவற்றிலும் தொடங்காது. 'பழம்' என்று படுக்கையாக எழுதிவிட்டால் அதன் மூன்று கட்டங்களில் 'ப' ஒன்றிலிருந்துதான் கீழ்நோக்கி ஒரு புதுச் சொல் கிளம்ப முடியும். 'ழ'வும் 'ம்'மும் முட்டுச்சந்து. சொல்லைத் திருப்பிப் போட அனுமதி இருந்தால் 'ம்' என்ற கட்டத்தில் வேறொரு சொல் வந்து முடியலாம். மூச்சு விட இடம் கிடைக்கும்.

இதிலிருந்து விடை காண்பவருக்கும் ஓர் ஆதாயம். இடப்பக்க முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து விழுந்தால் அந்தச் சொல் நேராக இல்லை. ஒன்று திரும்பியிருக்கிறது, இல்லையேல் கலைந்திருக்கிறது. ஸ்ட்ராபெரி மாதிரி வந்தேறிச் சொற்கள் மட்டும் இதற்கு விலக்கு.

'கலைந்த', 'குழம்பிய', 'சிதறிய' என்று குறிப்பில் இருந்தால் விடையின் எழுத்துகள் கட்டத்தில் தாறுமாறாக நிற்கும். 'குழம்பிய பப்பாளி' என்பது ளி, ப், ப, பா என்று கிடக்கலாம். விடை தெரிந்தாலும் எந்த எழுத்து எங்கே என்பது குறுக்குச் சொற்கள் வந்த பிறகே தெரியும். அதனால் இத்தகையதைக் கடைசிக்கு ஒதுக்குவது நல்லது. 'தலை இல்லை', 'வால் இல்லை' என்றால் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ போயிற்று என்று பொருள். இரண்டும் சேர்ந்தும் வரும்: 'லாபம் வாலை இழந்து திரும்பினால் முள்தோல் போர்த்தும் (2)'. லாபத்தில் 'ம்' போனால் லாப. திருப்பினால் பலா. கோவையைத் திருப்பினால் வைகோ வருவதும் புதிர்க்காரர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

ஒரே காய்க்குப் பல பெயர்

எழுத்து சரி, எண்ணிக்கை சரி, ஆனாலும் குறுக்குச் சொல் ஒத்துவரவில்லை என்றால் பெயரைச் சந்தேகியுங்கள். பப்பாளியை இலங்கைத் தமிழர் பப்பாசி என்பார்கள். இரண்டும் நாலு கட்டம், கடைசி எழுத்து மட்டும் வேறு. திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று ஒரு பெயர் உண்டு. பூசணி விவகாரம் பெரிய தலைவலி. வெளுத்த பெரிய காயும் மஞ்சள் காயும் இரண்டும் பூசணி என்ற பெயருக்கு உரிமை கொண்டாடும். வெளுத்ததற்கு நீற்றுப்பூசணி, கல்யாணப் பூசணி, தடியங்காய் என்று பட்டங்கள், மஞ்சளுக்குப் பரங்கி. எழுத்துக்கூட்டிலும் பூசணி, பூசனி, தர்பூசணி, தர்ப்பூசணி என்று ஊசலாட்டம். தர்பூசணி ஐந்து கட்டம், 'ப்' சேர்த்தால் ஆறு. போட்டவர் எந்தப் பக்கம் என்பதைக் கட்ட எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

தாவரவியல்காரர் குறிப்பு எழுதினால் இன்னொரு வம்பு. அவர்களுக்குச் சுரை, பாகல், புடல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி, கோவை எல்லாமே கனிதான். அத்தனையும் குக்கர்பிட்டேசியே என்ற ஒரே குடும்பம். தர்பூசணியும் முலாம்பழமும்கூட அதே வீட்டுப் பிள்ளைகள். ஆகவே 'வெள்ளரிக்கு உறவான பழம்' என்று வந்தால் தயங்காமல் அந்த இரண்டையும் கட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, கையைச் சூடாக்கிக்கொள்ள நாலு குறிப்பு. விடையைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தில் கட்டம் போட்டு முயலுங்கள்.

பீர் முன்னால் வந்தும் போதை ஏறாத கொடி (4)
வெண்சிங்கம், பிஞ்சிலேயே தின்னலாம் (4)
தங்கம் பூசினாற்போல் பெயர், அறுத்தால் மணக்கும் (6)
யானையின் பெயர், பூவை உள்ளே ஒளிக்கும் (3)

முதலாவது பீர்க்கு, 'பீர்' கண்முன்னே கிடக்கிறது, மிச்சம் 'க்கு' மட்டும். இரண்டாவது வெள்ளரி: வெண்மைக்கு வெள், சிங்கத்துக்கு அரி. மூன்றாவது முலாம்பழம், முலாம் பூசுவது என்கிறோமே, அது. நாலாவது அத்தி. அத்தி என்றால் யானை என்றும் பொருள். அந்த மரத்தின் பூக்கள் காய் போலத் தோன்றும் பகுதிக்கு உள்ளேயே பூப்பதால் வெளியே தெரியாது. அத்தி பூத்தாற்போல என்று சொல்வதும் அதனால்தான். நாலாவதை 'கரி' என்று எழுதத் தோன்றியிருந்தால், அது இரண்டே கட்டம்.